ஆர்க்கிட்டுக்கு ஊற்றிய தண்ணீர்

தண்ணீரைக் கீழே கொட்ட எனக்குக் கை வராது. அரிசி களைந்த தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்குப் போகும். காய் கழுவிய தண்ணீர் வாழைக்கு. துணி அலசிய தண்ணீரில் வாசலைக் கழுவிவிட்டு, மிச்சத்தைக் கழிப்பறையில் ஊற்றுவேன். என் மகள் இதைக் கஞ்சத்தனம் என்பாள். சொல்லிவிட்டுப் போகட்டும். நாங்கள் ஹனூர்ப் பக்கம் மானாவாரிக் காட்டுக்காரர்கள். ஒரு குடம் தண்ணீருக்கு ஊர் எல்லை தாண்டி நடந்த பிள்ளைக்கு அந்தப் புத்தி எந்த ஊருக்குப் போனாலும் கூடவே வரும். அது நல்ல புத்தி என்றுதான் ஐம்பது வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மைசூரில் எங்கள் வீடு ஹெப்பாள் தொழிற்பேட்டையைத் தாண்டி, வெளிவட்டச் சாலையை ஒட்டிய ஒரு லேயவுட்டில் இருக்கிறது. ஊருக்குள் ஓடுகிற ஆற்றுத் தண்ணீர் எங்களுக்கு இன்னும் வரவில்லை. போர் தண்ணீர்தான். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, பாத்திரம் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும். அதனால் வீட்டுக்கு வீடு சமையலறைச் சுவரில் ஒரு ஃபில்டர் மாட்டியிருப்பார்கள். எங்கள் வீட்டிலும் உண்டு. அது ஒரு பங்கு நல்ல தண்ணீர் கொடுத்தால் மூன்று பங்கு கழிவைத் தள்ளும். மாட்ட வந்தவர் கழிவுக் குழாயை சிங்க்கில் விட்டுவிட்டுப் போனார். மறுநாளே நான் அதை எடுத்து ஒரு பக்கெட்டில் விட்டேன். வீடு துடைக்க, பாத்திரம் தேய்க்க, பாத்ரூம் கழுவ, மிச்சம் இருந்தால் கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் ஊற்ற, எல்லாவற்றுக்கும் அந்தத் தண்ணீர்தான். பக்கெட் நிரம்பி வழிகிற சத்தம் கேட்டால் தூக்கத்திலும் எழுந்துவிடுவேன்.

என் அண்ணன் இந்த வீட்டுக்கு வந்தது பத்தொன்பது வருடம் கழித்து. அத்தனை வருடமும் வளைகுடா நாட்டில், பாலைவனத்துக்கு நடுவில் ஒரு பெரிய மனிதரின் மாளிகையில் தோட்டக்காரராக இருந்தார். கல்யாணம் செய்துகொள்ள வேண்டிய வயதெல்லாம் அங்கேயே கழிந்தது. லீவில் ஹனூருக்கு வரும்போதெல்லாம் அடுத்த லீவில் பார்க்கலாம் என்பார். அந்த அடுத்த லீவு வரவே இல்லை. கடைசியில் முழங்கால் வலிக்கிறது என்று சொல்லி ஒரு ஆடி மாதம் வந்து இறங்கினார். எங்கள் மொட்டை மாடியில் இருந்த ஒற்றை அறையை ஒழித்துக் கொடுத்தோம்.

அந்த மாளிகையில் அவர் வளர்த்தது ஆர்க்கிட். வெளியே அடுப்புக்குள் தலையை விட்டது போல வெயில் அடிக்கும்போது, உள்ளே ஒரு கண்ணாடி அறையில் ஊதாவும் வெள்ளையுமாகக் கொத்துக் கொத்தாகப் பூத்திருக்குமாம். முதலாளி விருந்தாளிகளை அழைத்துவந்து காட்டுவாராம். அங்கே கடல் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுக்கிற குழாய்த் தண்ணீரைக்கூட அண்ணன் நம்பவில்லை. ஏசி மெஷினிலிருந்து சொட்டுகிற தண்ணீரைக் கேன் கேனாகப் பிடித்து வைத்து, அதை மட்டுமே ஊற்றுவாராம். அதில் துளி உப்பு இருக்காது என்பார். ஆர்க்கிட்டைக் கொல்ல வெயில் வேண்டியதில்லை, உப்பு போதும் என்பார். அவருடைய கைராசியைப் பற்றி அந்த முதலாளி ஊரெல்லாம் பெருமை பேசியதாகவும் சொல்வார். சொல்லும்போது முகம் மாறிவிடும். வாழ்க்கையில் அவரை யாராவது மெச்சியது என்றால் அது அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

வந்த மாதமே பெங்களூர் போய் நாற்பது செடி வாங்கி வந்தார். மாடியில் கம்பி நட்டுப் பச்சை வலை கட்டினார். தொட்டியில் மண் கிடையாது. கரித்துண்டு, தேங்காய் மட்டைத் துண்டு, உடைத்த ஓடு, அவ்வளவுதான். அடியில் தட்டுத் தட்டாக மணல் பரப்பி அதில் போர் தண்ணீரை நிறுத்தினார். நாலு பக்கமும் சாக்கைத் தொங்கவிட்டு நனைத்தார். மைசூர் என்ன பாலைவனமா, இவ்வளவு ஆர்ப்பாட்டம் எதற்கு என்று கேட்டேன்.

"மணல் இருந்தாத்தான் பாலைவனமா அம்மிணி? காத்துல ஈரம் இல்லீன்னா பாலைவனந்தான். மாசி பங்குனியில வந்து பாரு, இந்த மாடியும் அதேதான்" என்றார்.

கார்த்திகை வரை மழைத் தண்ணீர். மூன்று டிரம்மில் பிடித்து மூடி வைத்திருந்தார். அதிகாலையில் எழுந்து, ஒவ்வொரு வேருக்கும் தனித்தனியாக, கை ஸ்பிரேயரால் அடிப்பார். அந்த நேரத்தில் மேலே போனால் என்னைப் பார்க்கவே மாட்டார். எங்கள் தெருவில் எல்லாருக்கும் அவரைப் பிடித்துவிட்டது. தமிழ் வராதவர்களிடம், வெளிநாட்டில் இருந்து பாதி மறந்துபோன கன்னடத்தில் பேசினார். என் கணவர் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்கிறவர். வீட்டில் யாரிடமும் பேசாத மனிதர், அவரே சாயங்காலம் மாடியில் போய் அண்ணனோடு உட்கார்ந்திருக்க ஆரம்பித்தார்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஐப்பசியில் ஒரு நாள் துணி உலர்த்தப் போனேன். ஒரு செடி வாடித் தொங்குவது போல எனக்குப் பட்டது. கையில் இருந்த பக்கெட்டிலிருந்து ஒரு குவளை போர் தண்ணீரை எடுத்து அதன் தலையில் ஊற்றினேன். அண்ணன் அறையிலிருந்து ஓடி வந்தார். என் கணவர் இருந்தார், மகள் இருந்தாள், பக்கத்து வீட்டுக்காரம்மா அவர்கள் மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொடாத. உன்ற கை பட்டாலே வெளங்காது" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சிரித்தாள். நான் கீழே வந்துவிட்டேன். அன்று ராத்திரி அண்ணன் தலை குனிந்து சாப்பிட்டுவிட்டு, தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார். அதுதான் அவருக்குத் தெரிந்த மன்னிப்பு. எனக்கு அது போதவில்லை. ஒரு தட்டைக் கழுவியதால் இறங்கிப்போகிற கோபம் இல்லை அது.

தை மாதம் டிரம் காலியாயிற்று. அதே தையில்தான் பதினோரு செடியில் பூங்காம்பு கிளம்பியது. பென்சில் நுனி அளவு முதலில், பிறகு விரல் நீளம். அண்ணன் அவற்றைப் போனில் படம் பிடித்துக்கொண்டு தேவராஜ மொஹல்லாவுக்குப் போனார். அங்கே மார்க்கெட் பக்கத்தில் கல்யாண மேடை அலங்காரம் செய்கிற ஒருவர் பழக்கமாகியிருந்தார். ஆர்க்கிட் எல்லாம் பெங்களூரிலிருந்து பெட்டியில் வருகிறது, வரும்போதே பாதி நசுங்கியிருக்கிறது, நீங்கள் பங்குனி, சித்திரை முகூர்த்தங்களுக்குக் கொடுத்தால் வருடம் முழுக்க உங்களிடமே எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் சொன்னாராம். அண்ணன் நடந்தே வீடு வந்தார். ஆட்டோ பிடிக்கக்கூடத் தோன்றவில்லை போல.

அந்த வாரமே பாலைவனத்திலிருந்து போன் வந்தது. புதிதாக வந்த தோட்டக்காரன் செடிகளைச் சாகடித்துக்கொண்டிருக்கிறான், திரும்பி வா, வைகாசிக்குள் விசா அனுப்புகிறோம் என்றார்கள். சித்திரை முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். அண்ணன் சாப்பாட்டு நேரத்தில் எங்களிடம் இதைச் சொன்னார்.

"இந்தப் பதினொண்ணும் பூத்துட்டா வரலீன்னு சொல்லீருவேன். இங்கயே இருந்துக்கலாம். இந்தக் காலை வச்சுக்கிட்டு இன்னொருக்கா அங்க போனா நான் திரும்பி வருவனான்னு தெரியில" என்றார்.

ஆக எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பூத்தால் இருப்பார். பூக்காவிட்டால் போவார்.

மழைத் தண்ணீர் இல்லை, ஏசியும் இல்லை. இனிமேல் ஃபில்டரில் வருகிற குடிதண்ணீர்தான் ஆக வேண்டும் என்றார். தினமும் இரண்டு பக்கெட். சமையலறை என் ராஜ்ஜியம், அதனால் தண்ணீர் பிடித்து மாடிப்படி அடியில் வைப்பது என் வேலை. வைக்கிறேன் என்று சொன்னேன். முதல் வாரம் சொன்னபடியே வைத்தேன்.

இரண்டு பக்கெட் நல்ல தண்ணீர் என்றால் ஆறு பக்கெட் கழிவு. வீட்டில் இருந்த பாத்திரம் எல்லாம் நிறைந்தது. குளித்து, துவைத்து, துடைத்து, வாசல் கழுவியும் தீரவில்லை. மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டினேன். கொட்டும்போது வயிறு எரிந்தது. அந்தத் தையிலேயே எங்கள் லேயவுட் போரில் தண்ணீர் கீழே போய்விட்டது. நாளுக்கொரு டேங்கர் வந்தது. அதைச் சுற்றிக் குடத்தை வைத்துக்கொண்டு பெண்கள் ஒருவர் தலைமயிரை ஒருவர் பிடிக்காத குறை. நானும் அந்தக் கூட்டத்தில் நின்றவள்தான். அங்கே நின்று முட்டிமோதி வாங்கிய தண்ணீரை ஃபில்டரில் விட்டு, அதில் முக்கால் பங்கைச் சாக்கடைக்குக் கொடுத்து, மிச்சத்தை மாடியில் இருக்கும் செடிக்குக் கொடுக்க வேண்டும். ஆர்க்கிட் என்ன, மைசூர் மகாராணியா?

இரண்டாவது வாரம் மாற்றிவிட்டேன். கழிவுக் குழாய் விழுகிற பக்கெட்டையே எடுத்துப் படி அடியில் வைத்தேன். அதுவும் ஃபில்டருக்குள் போய் வந்த தண்ணீர்தானே. கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. மோந்து பார்த்தேன், வாசனை இல்லை. வாயில் வைத்துப் பார்க்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை. இத்தனை வருடம் இதே தண்ணீரில் என் கறிவேப்பிலையும் வாழையும் செழித்துத்தான் இருந்தன. யாருக்கும் நஷ்டம் இல்லாமல் ஒரு காரியம் செய்துவிட்டதாக நினைத்தேன். அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் கத்துவார் என்று தெரியும். கெட்டது செய்கிறேன் என்று தெரியாது, ஏமாற்றுகிறேன் என்று தெரியும். இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் இன்று வரை தூங்குகிறேன்.

அண்ணன் பக்கெட்டை வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை கேட்டதில்லை. மழைத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றிய மனிதர். என் கையிலிருந்து வந்த தண்ணீரை அப்படிப் பார்க்கவில்லை.

மாசி பாதியில் மொட்டுகள் மஞ்சளாயின. ஒவ்வொன்றாக உதிர்ந்தன. இலை நுனி கருகியது. கரித்துண்டின் மேல் வெள்ளையாகப் படிந்தது. அண்ணன் அதை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு என்றார். கீழே தட்டில் நிற்கிற போர் தண்ணீர்தான் ஆவியாகித் தெறித்து மேலே ஏறுகிறது என்று அவராகவே ஒரு காரணம் கண்டுபிடித்தார். தட்டுகளை எல்லாம் எடுத்துவிட்டார். உப்பைக் கழுவி எடுக்க வேண்டும், இனி நாலு பக்கெட் ஃபில்டர் தண்ணீர் வேண்டும் என்றார். நான் நாலு பக்கெட் கழிவுத் தண்ணீர் கொடுத்தேன். உப்பைக் கழுவ உப்பு. அதை அவர் காலையும் மாலையும், முழங்காலைப் பிடித்துக்கொண்டு, வேர் வேராகக் கழுவினார்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்த மொட்டுகள் உதிர்ந்தபோது எனக்கு வருத்தம் மட்டும் இல்லை. உள்ளுக்குள் ஒரு சின்னத் திருப்தியும் இருந்தது. என் கை பட்டால்தானே விளங்காது, உன் கையே படுகிறது, இப்போது என்ன ஆயிற்று என்று நினைத்தேன். சாதம் போட்டுக்கொண்டே நினைத்தேன். கூடப்பிறந்தவளுக்குத்தான் இப்படி நினைக்க வரும்.

பங்குனி முதல் வாரத்தில் அண்ணனுக்கு ஃபில்டர் மேல் சந்தேகம் வந்தது. உள்ளே ஏதோ பழுதாகி உப்பை விடுகிறதோ என்று அவரே கம்பெனிக்குப் போன் செய்து ஆளை வரச் சொன்னார். ஆள் வந்த நேரம் அவர் இல்லை. அலங்காரக்காரரிடம் இன்னும் பதினைந்து நாள் தவணை கேட்க மார்க்கெட் போயிருந்தார். வந்தவர் மண்டியாப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர். தண்ணீரில் உப்பை அளக்கிற, பேனா மாதிரி ஒரு கருவியை நல்ல தண்ணீர் டம்ளரில் விட்டார். சின்ன எண்ணாகக் காட்டியது. ஃபில்டர் புதிது போல இருக்கிறது என்றார். பிறகு அவர் கண் கீழே, வரிசையாக நின்ற பக்கெட்டுகள் மேல் போனது. எதற்கு என்று கேட்டார். மாடியில் செடிக்கு என்றேன். பேனாவை அந்தப் பக்கெட்டில் விட்டார். எண் ஏறிக்கொண்டே போய் நாலு இலக்கத்தில் நின்றது.

"இதன்ன கிடக்கெ ஹாக்பேடி மேடம். உப்பெல்லா இதரல்லே இதெ. சுட்டோகுத்தெ" என்றார். செடிக்கு இதை ஊற்றாதீர்கள், உப்பு முழுவதும் இதில்தான் சேர்கிறது, சுட்டுப் பொசுக்கிவிடும் என்று அர்த்தம். கறிவேப்பிலை, வாழைக்கு மண் இருக்கிறது, மண் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும் என்றும் விளக்கினார். வெறும் கரியில் தொங்குகிற வேருக்கு என்ன இருக்கிறது?

அவர் போன பிறகு சமையலறையில் கீழே உட்கார்ந்தேன். கழிவுக் குழாயிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. ஏறக்குறைய இரண்டு மாதம். ஐம்பதுக்கு மேல் விடியற்காலை. ஒவ்வொரு நாளும் நான் படியில் கொண்டு வைத்த பக்கெட் நினைவுக்கு வந்தது. சொல்லிவிட வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். கேட் சத்தம் கேட்டது. அண்ணன் வேர்த்து விறுவிறுத்து நேரே சமையலறைக்கே வந்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஃபில்டர் ஆள் வந்தானா, என்ன சொன்னான் என்று கேட்டார்.

"ஃபில்டர் நல்லாத்தான் இருக்குதாங்ணா. புதுசாட்டவே இருக்குதுன்னு சொல்லீட்டுப் போனாரு" என்றேன்.

பொய் இல்லை. அவர் சொன்னதைத்தான் சொன்னேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன், அவ்வளவுதான். அண்ணன் சுவரில் சாய்ந்துகொண்டு, தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"அப்பத் தண்ணியில்ல. என்ற கைதான்" என்றார்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பத்து வார்த்தை போதும். அவர் கத்தியிருப்பார், ஒரு மாதம் என்னோடு பேசாமல் இருந்திருப்பார், பிறகு பெங்களூர் போய் இன்னும் நாற்பது செடி வாங்கி வந்திருப்பார். கைமேல் இருந்த நம்பிக்கை மட்டும் அவரிடமே இருந்திருக்கும். எனக்கு அவர் கத்தலுக்குப் பயம். பக்கத்து வீட்டுக்காரம்மா மறுபடி சிரிப்பாளே என்ற பயம். அதைவிட, உன் கை பட்டால் விளங்காது என்று அவர் சொன்னது உண்மையாகிவிடுமே என்ற பயம். அதை மட்டும் என்னால் தாங்கியிருக்க முடியாது. அதனால் அவரைத் தாங்கவிட்டேன்.

மறுநாளிலிருந்து நல்ல தண்ணீரைப் பிடித்து வைத்தேன். நாலு பக்கெட்டும் நல்ல தண்ணீர். பன்னிரண்டு பக்கெட் கழிவைச் சாக்கடையில் கொட்டினேன், வயிறு எரியவில்லை. எப்படியாவது சத்தம் இல்லாமல் சரியாகிவிடும், யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும் என்று எதிர்பார்த்தேன். தினமும் துணி உலர்த்துகிற சாக்கில் மேலே போய்ப் பார்ப்பேன். வேர்கள் நூல் நூலாகச் சுருங்கியிருந்தன. பிடித்தால் தோல் கழன்று கையோடு வந்தது. அந்த வருடம் சித்திரை மழையும் ஏமாற்றியது. அண்ணன் ஸ்பிரேயர் அடிப்பதைக் குறைத்துக்கொண்டார். தன் கை படாமல் இருந்தாலாவது பிழைக்கட்டும் என்று என் கணவரிடம் சொன்னாராம்.

சித்திரைக் கடைசியில் முப்பத்தேழு தொட்டிகளைச் சாக்கில் கட்டி அவரே கீழே இறக்கினார். அன்று மத்தியானமே பாலைவனத்துக்குப் போன் செய்து வருகிறேன் என்று சொல்லிவிட்டார். மூன்று செடி மட்டும் பச்சையாக இருந்தன.

அவர் கிளம்பிய நாள் என் மகளும் கணவரும் பஸ் நிலையம் வரை போகக் காத்திருந்தார்கள். அண்ணன் முழங்காலில் பெல்ட் கட்டிக்கொண்டு, அந்த மூன்று தொட்டிகளையும் ஒவ்வொன்றாகப் படி இறக்கிக் கொண்டுவந்து வாசலில் வைத்தார்.

"இதை நீ பாத்துக்க அம்மிணி. அன்னைக்கு ஒரு கோவத்துல உன்ற கையப் பேசீட்டேன். மனசுல வச்சுக்காத. இத்தனை நாளு நீதான் தண்ணி சொமந்த. உன்ற கைத் தண்ணி எதையும் கெடுக்காது" என்றார்.

நான் அழுதேன். அண்ணன் போகிறாரே என்று அழுகிறாள் என எல்லாரும் நினைத்தார்கள். அண்ணன் என் தலையில் கை வைத்துவிட்டு ஆட்டோவில் ஏறினார். அப்போதும் சொல்லியிருக்கலாம். ஆட்டோ திரும்புகிற வரைக்கும் நேரம் இருந்தது.

அவர் போன மூன்றாம் நாள் மழை பிடித்தது. டிரம்கள் மூன்றும் நிரம்பி வழிந்தன. மூடி வைக்க ஆள் இல்லாமல் கொசு முட்டையிட்டது.

மூன்றில் இரண்டு செடி ஆனியில் போய்விட்டன. ஒன்று நின்றது. அதை மாடிக்குக் கொண்டுபோகாமல் சமையலறை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டேன். மழைத் தண்ணீர் இருந்தவரை அது, பிறகு ஃபில்டரின் நல்ல தண்ணீர், அதையும் நானே நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு. ஒன்றரை வருடத்தில் இரண்டு புதுத் தண்டு விட்டது. போன மாசியில், ஊரே காய்ந்து கிடந்தபோது, பக்கெட்டில் நனைத்த ஒரு சாக்கின் நிழலில் அது காம்பு விட்டது. மொட்டு ஒன்றுகூட உதிரவில்லை. ஒன்பது பூ. ஊதா, நடுவில் வெள்ளை. அண்ணன் பாலைவனத்திலிருந்து அனுப்பும் படங்களில் இருக்குமே, அதே மாதிரி.

என்னைத் தவிர முதலில் பார்த்தது என் மகள்தான். அவள் ஐடி கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவள், காலையில் எதையும் பார்க்க மாட்டாள். அன்று ஞாயிற்றுக்கிழமை.

"அம்மா, சூப்பராகி பூத்திருக்கு. மாமாக்கு வீடியோல காட்டலாமா? குஷியாயிடுவாரு" என்றாள்.

ஞாயிறு பதினொரு மணிக்கு அண்ணன் வீடியோவில் வருவது வழக்கம். அவர் குஷியாவாரா? ஒன்பது பூவையும் ஒரு நொடியில் எண்ணிவிடுவார். இலையைப் பார்ப்பார், வேரைக் காட்டச் சொல்வார், என்ன தண்ணீர் ஊற்றினாய் என்று கேட்பார். ஃபில்டர் தண்ணீர் என்று சொன்னால், அதே ஃபில்டர், அதே மாடி வீடு, அதே மாசி என்று அவர் மனம் கணக்குப் போடும். பாலைவனத்தையே பூக்கவைத்த ஆளுக்கு அந்தக் கணக்கு போடத் தெரியும். மகளைக் கடைக்கு அனுப்பினேன், கொத்தமல்லி இல்லை என்று. கொத்தமல்லி இருந்தது. அவள் தலை மறைந்ததும் காய் நறுக்கும் கத்தியால் காம்பை அடியோடு வெட்டினேன்.

திரும்பி வந்தவள் ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாங்கி வந்த கட்டை, ஏற்கெனவே இருந்த கொத்தமல்லிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

போன் அடித்தது. அண்ணன் கண்ணாடி அறைக்குள் நின்றுகொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. நிற்கும்போதே ஒரு கையால் மேசையைப் பிடித்திருந்தார். பின்னால் வரிசை வரிசையாகப் பூ. வெளியே வெயில் எத்தனை, முதலாளி புதிதாக என்ன செடி வரவழைத்தார், எல்லாம் சொன்னார். முழங்காலைப் பற்றிக் கேட்டேன், பேச்சை மாற்றினார். கடைசியில், எப்போதும் போல, அந்தச் செடி இருக்கிறதா என்று கேட்டார்.

"அது போயிருச்சுங்ணா" என்றேன்.

"நெனச்சேன். நம்மூரு அதுக்கு ஒத்துக்காது அம்மிணி. நீ வெசனப்படாத" என்றார்.

வெட்டிய காம்பைக் குப்பையில் போட மனம் வரவில்லை. ஒரு பழைய பாட்டிலில் ஃபில்டர் தண்ணீர் ஊற்றி, அதில் நிறுத்தி, வெளியிலிருந்து யாரும் பார்க்காதபடி அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். இரண்டு மூன்று நாளில் வாடிவிடும், தூக்கிப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஆர்க்கிட் அப்படி வாடாது என்று அண்ணன் எப்போதோ சொல்லியிருந்தது எனக்கு ஞாபகம் வரவில்லை. நாலு ஞாயிற்றுக்கிழமை அது வாடவில்லை. ஒவ்வொரு நாளும் உலைக்கு அரிசி எடுக்கும்போது அதைப் பார்த்துக்கொண்டுதான் எடுத்தேன்.